மாற்று டயல் பொய் சொல்வதில்லை

பழைய கைக்கடிகாரங்களைச் சேகரிப்போரிடையே இன்று ஒரு கருத்து ஏறத்தாழச் சட்டமாகவே நிலைபெற்றிருக்கிறது. கடிகாரத்தின் மெய்ம்மை முழுவதும் அதன் டயலில் குடிகொண்டிருக்கிறது என்பதும், தொழிற்சாலை முதன்முதலில் பொருத்திய டயல் நீங்கிய கணமே அக்கடிகாரம் தன் மெய்ம்மையை இழந்துவிடுகிறது என்பதும், பழைய டயல் ஒன்றையோ பழைய பாங்கில் செய்த மாற்று டயல் ஒன்றையோ புதிதாகக் கோத்த கடிகாரத்தில் பொருத்துபவர் போலி செய்பவரே என்பதும் அக்கருத்தின் மூன்று படிகள். ஏலப் பட்டியல்களும் சேகரிப்புக் கையேடுகளும் முதற்படியை எடுத்துச் சொல்ல, படிப்போர் மற்ற இரண்டிலும் தாமாகவே ஏறிவிடுகின்றனர். முக்குளிப்போருக்கென உருவாகி 1953ஆம் ஆண்டையொட்டி இன்றைய வடிவம் பெற்ற டைவ் வாட்ச் என்னும் வகையில் இக்கருத்தின் பிடி மிக இறுக்கமாக உள்ளது. அது மிகத் தெளிவாகப் பிழைபடுவதும் அதே வகையில்தான்.

மறுக்கத் தொடங்குமுன் மறுக்கப்படுவதன் வலிமையை ஒப்புக்கொள்ள வேண்டும். டயல் ஒரு சான்று என்பது உண்மை. எழுத்தின் வடிவம், அச்சு மையின் தடிமன், அடி விளிம்பில் உள்ள நாட்டுப் பெயர், ஒளிரும் பூச்சின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கடிகாரம் எந்த ஆண்டுகளில் உருவானது என்பதைத் தேர்ந்த கண்கள் பெருமளவு சரியாகவே கணிக்கின்றன. அந்தச் சான்று மாற்றப்பட்டு, மாற்றம் மறைக்கப்படுமானால் வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் டயல் ஒரு சான்றாகப் பயன்படுகிறது என்பதிலிருந்து டயலே கடிகாரத்தின் சாரம் என்று முடிவு கட்டுவதற்கு எந்த வழியும் இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால்தான், விற்பனை மேசையில் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி பழுதுபார்ப்பவரின் மேசைக்கு இடம் மாறி, நேர்மையான கைவேலை ஒன்று குற்றமாகப் பார்க்கப்படுகிறது.

டயல் என்பது பொருளளவில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பித்தளைத் தகடு. அதன்மேல் வண்ணமோ முலாமோ ஏற்றப்பட்டு, எழுத்துகள் அச்சிடப்பட்டு, மணிக்குறிகளில் ஒளிர்பூச்சு இடப்படுகிறது. அடிப்புறத்தில் பற்றவைக்கப்பட்ட இரண்டு மெல்லிய கால்கள் இயந்திரத்தின் அடித்தகட்டிலுள்ள துளைகளில் இறங்க, பக்கவாட்டில் உள்ள சிறு திருகுகளோ பிடிப்பான்களோ அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட இணைப்பு இது. நிரந்தரமாக இருக்க வேண்டிய உறுப்பைத் திருகி நிறுத்தும் வழக்கம் கடிகாரத் தொழிலில் இல்லை.

கடிகாரத்தின் முகத்தில் பெயர் பொறித்துள்ள நிறுவனமே அந்த முகத்தையும் செய்தது என்று பலர் நம்புகின்றனர். சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அவ்வாறு நடைபெறவில்லை. டயல் செய்வது தனித்தொழிலாக இருந்தது. ஸ்டெர்ன், சிங்கர், பெயலர் போன்ற டயல் நிறுவனங்கள் தமக்குள் போட்டியிட்ட பல கடிகார நிறுவனங்களுக்கு ஒரே காலத்தில் டயல் செய்து தந்தன. (இந்தச் சிங்கருக்கும் தையல் இயந்திரச் சிங்கருக்கும் தொடர்பில்லை.) பட்டேக் ஃபிலிப் நிறுவனத்துக்கு டயல் செய்து கொடுத்துவந்த ஸ்டெர்ன் சகோதரர்கள் 1932இல் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கினர் என்பது டயல் தொழில் எவ்வளவு தனித்து வளர்ந்திருந்தது என்பதைக் காட்டும். ஒரே குறிப்பெண் கொண்ட கடிகாரத்துக்கு இரண்டு வெவ்வேறு டயல் நிறுவனங்களின் டயல்கள் வந்ததும் உண்டு. கடிகாரத்தை விற்ற கடை தன் பெயரைப் பின்னர் டயலில் அச்சிட்டுக் கொண்டதும் உண்டு. அவ்வாறு கடைப்பெயர் சேர்க்கப்பட்ட டயலைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அதே சேகரிப்பாளர், சர்வீஸின்போது மாற்றப்பட்ட டயலைக் கண்டு முகம் சுளிக்கிறார். முன்னதில் டயல் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின் திருத்தப்பட்டிருக்கிறது. பின்னதில் தொழிற்சாலையே தன் உதிரிப்பாகக் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. மெய்ம்மையே அளவுகோல் என்றால் இந்த இரு தீர்ப்புகளும் ஒருசேர நிற்க முடியாது.

டைவ் வாட்சுக்கு வரும்போது இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது, ஏனெனில் அது அழகுக்கு முன் பயனுக்காகப் பிறந்த பொருள். பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்கெனப் பிளாங்பேன் நிறுவனம் 1953இல் செய்த ஃபிஃப்டி ஃபேதம்ஸ், அதே காலத்தில் உருவான ரோலக்ஸ் சப்மரீனர் ஆகிய இரண்டின் டயல்களும் ஒரே தேவைக்கு விடை கூறுகின்றன: கலங்கிய நீரிலும் இருட்டிலும் எத்தனை நிமிடம் கழிந்தது என்பதை ஒரே பார்வையில் காட்ட வேண்டும். டோக்ஸா நிறுவனம் 1967இல் தன் சப் 300 கடிகாரத்துக்கு ஆரஞ்சு நிற டயலைத் தேர்ந்ததும் நீருக்கடியில் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதற்காகவே. பின்னர் 1982இல் முதன்முதலாக வெளிவந்து அதன்பின் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 6425 என்னும் பன்னாட்டுத் தரம், முழு இருளில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரமும், சுழல்வளையத்தில் குறித்து வைத்த நிமிடமும், கடிகாரம் ஓடுகிறது என்பதற்கான அடையாளமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விதித்தது. இருட்டில் தெரியாத டயலை உடைய டைவ் வாட்ச், இந்த வரையறையின்படி, தன் பெயருக்குரிய வேலையைச் செய்யாத பொருளாகும்.

இருட்டில் தெரிவது ஒளிர்பூச்சினால். ஒளிர்பூச்சுக்கு ஆயுள் உண்டு, அந்த ஆயுள் கடிகாரத்தின் ஆயுளைவிடக் குறைவு. மூல டயலைத் தெய்வமாக்கும் கருத்து கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகும் உண்மை இது என்பதால் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். 1960களின் தொடக்கம் வரை டயல்களில் பெருவழக்காக இருந்தது ரேடியம் கலந்த பூச்சு. ரேடியம் வெளியிடும் கதிர்கள் துத்தநாக சல்ஃபைடு என்னும் ஒளிர்பொருளைத் தாக்க, அது தானாகவே ஒளிர்ந்தது. ரேடியம்-226இன் அரைவாழ்வுக்காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஆனால் இடைவிடாத தாக்குதலால் துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளுக்குள்ளேயே சிதைந்து ஒளியிழந்துவிடும். ஆகவே அக்காலத்து டயல் இன்று ஒளிர்வதில்லை, அதன் கதிரியக்கமோ ஏறத்தாழ முழுதாகவே எஞ்சி நிற்கிறது. உதிரும் பூச்சின் துகளை உட்கொள்வதும் மூச்சில் இழுப்பதும் தீங்கானவை; ரேடியம் சிதையும்போது உண்டாகும் ரேடான் வாயு மூடிய அறையில் சேரக்கூடியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் இல்லினாயிலும் தூரிகையின் நுனியை உதட்டால் கூராக்கிக்கொண்டு டயல்களுக்கு ரேடியம் தீட்டிய பெண்கள் தாடை எலும்பு அழுகி இறந்ததும், அவர்களுள் ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்ததும் தொழிலாளர் நல வரலாற்றில் மறக்க முடியாத பக்கங்கள். அத்தகைய பூச்சைத் தாங்கிய டயலை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்று வலியுறுத்துவதற்கு மெய்ம்மை பற்றிய எந்தக் கொள்கையும் போதிய நியாயம் ஆகாது.

ரேடியத்தின் இடத்தைப் பிடித்தது டிரிட்டியம். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான அதன் கதிர் வலுக்குறைந்தது, கடிகாரக் கண்ணாடியைத் தாண்டாதது. அதன் அரைவாழ்வுக்காலம் 12.3 ஆண்டுகள். கணக்கு எளிது: 1970இல் பூசிய டிரிட்டியத்தில் ஐம்பது ஆண்டு கழித்து எஞ்சியிருப்பது ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு. அமெரிக்கக் கடற்படைக்கென 1960களில் வாங்கப்பட்ட டோர்னெக்-ரேவில் டைவ் வாட்சுகளில் புரொமெத்தியம்-147 பயன்பட்டது. அதன் அரைவாழ்வுக்காலம் இரண்டரை ஆண்டுகளைச் சற்றே தாண்டும். அதாவது, செய்தவர்களே சில ஆண்டுகளில் மங்கிவிடும் என்று அறிந்து பூசிய பூச்சு அது. ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் உருவாக்கிய, கதிரியக்கமற்ற, வெளிச்சத்தை உறிஞ்சி இருட்டில் உமிழும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சு சுவிஸ் நிறுவனங்களுக்கும் பரவியபின், பழைய கடிகாரம் சர்வீஸுக்கு வந்தபோதெல்லாம் நிறுவனங்கள் மங்கிய டிரிட்டிய டயலைக் கழற்றிவிட்டுப் புதிய பூச்சுள்ள டயலைப் பொருத்தித் தந்தன. சர்வீஸ் டயல் என்று இன்று இளக்காரமாகப் பேசப்படுவது இதுவே. மிருதங்கத்தின் கட்டை தலைமுறைகளைக் கடந்து நிற்க, வாசித்துத் தேய்ந்த தோலை அவ்வப்போது மாற்றுவது அந்த வாத்தியத்தின் இயல்பாக ஏற்கப்படுவது போலவே, கடிகாரம் செய்தவர்களும் டயலை மாறக்கூடிய உறுப்பாகவே நடத்தினர்.

நிறுவனங்கள் வணிக நோக்கத்தால் அவ்வாறு செய்தன, வரலாற்றின் அருமை அவற்றுக்குத் தெரியவில்லை என்று எதிர்த்தரப்பு விடையளிக்கும். அப்படியானால் வணிக நோக்கமற்ற ஒரு சான்றைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரின் இறுதியில் பிரிட்டன் அரசு தன் படையினருக்கெனப் பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்களிடமிருந்து ஒரே வரையறைப்படி கைக்கடிகாரங்களை வாங்கியது. அவற்றின் டயல்களில் இருந்தது ரேடியம். பிற்காலத்தில் பாதுகாப்பு அமைச்சகம் அவற்றுள் பலவற்றின் டயல்களைக் கழற்றி, வட்டத்துக்குள் டி என்னும் எழுத்திட்ட டிரிட்டிய டயல்களைப் பொருத்தியது. அரச விமானப்படைக்கு 1953இல் வழங்கப்பட்ட ஒமேகா கடிகாரங்களுக்கும் இதுவே நேர்ந்தது: அரசு உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி மெல்லியதாக அச்சிடப்பட்ட முதல் டயல்கள் நீங்க, அம்பு தடித்த மாற்று டயல்கள் ஏறின, இன்று காணக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை தடித்த அம்புள்ளவையே. பின்னர் அரச கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்கு வழங்கப்பட்ட ஒமேகா சீமாஸ்டர் 300, ரோலக்ஸ் சப்மரீனர் ஆகியவற்றின் டயல்களிலும் அதே வட்ட டி இடம்பெற்றது.

இந்த மாற்று டயல்கள் கடிகாரங்களின் வரலாற்றை அழித்தனவா? போரில் பயன்பட்ட ஒரு கடிகாரம், கதிரியக்கத்தின் தீங்கை அரசு உணர்ந்தபின் புதிய டயலேற்று மீண்டும் பணிக்குத் திரும்பியது என்பது அதன் வாழ்க்கையின் ஒரு நிகழ்ச்சி. முதல் டயலோடு இழுப்பறையில் கிடந்த கடிகாரத்துக்கு வரலாறு குறைவே, விலைதான் கூடுதல். பணியில் இருந்ததன் தடயத்தைப் பழுது என்று பெயரிட்டு, பணியே செய்யாமல் தப்பியதை மெய்ம்மை என்று போற்றும் கொள்கை, கருவியாகப் பிறந்த ஒரு பொருளின் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறது.

விலை என்னும் சொல் வந்துவிட்ட நிலையில் அதையும் நேராகவே நோக்க வேண்டும். நடிகர் பால் நியூமன் அணிந்த ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அது டைவ் வாட்ச் அன்று; ஆனால் டயல் பற்றிய மோகத்தின் உச்சத்தை அதுபோல் வேறெதுவும் காட்டவில்லை. அந்தக் குறிப்பிட்ட கடிகாரத்துக்கு அதை அணிந்தவரின் பெயர் விலை சேர்த்தது என்பது உண்மை. எனினும் அவர் பெயரால் வழங்கும் அந்த டயல் வகை, சிங்கர் செய்து கொடுத்த ஒரு மாற்று வடிவமைப்பு, இருந்தால் ஒரு விலையும் இல்லாவிட்டால் அதில் சிறு பங்கும் என்னும் நிலை, உள்ளே ஒரே இயந்திரத்தைக் கொண்ட பிற கடிகாரங்களுக்கும் பரவியது. வெயில் பட்டுக் கறுப்பிலிருந்து பழுப்பாக மாறிய டைவ் வாட்ச் டயல்களுக்கும் இதுவே கதை. வெப்பமண்டல டயல் என்று செல்லப் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பழுப்பு, அச்சுக்கும் முலாமுக்கும் நேர்ந்த சிதைவு. உற்பத்தியின் குறை என்று ஒரு காலத்தில் திருப்பி அனுப்பப்பட்டிருக்கக் கூடியது.

இந்த விலை வேறுபாடுதான் போலிகளைப் பெற்றெடுக்கிறது. டயலின் மூலத்தன்மைக்குப் பெருவிலை தருவோர் இல்லாவிடில், நல்ல டயலை அடுப்புச் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் வைத்துப் பழுப்பாக்குவதற்கும், புதிய பூச்சைப் பழைய டிரிட்டியம்போல் மஞ்சளாக்குவதற்கும், கதிரியக்கம் இல்லாத டயலின் அடியில் டிரிட்டியத்தைக் குறிக்கும் டி எழுத்தை அச்சிடுவதற்கும் யாரும் முனைந்திருக்க மாட்டார்கள். ஒளிர்பூச்சு செய்யும் சுவிஸ் நிறுவனமே பழைய ரேடியத்தின் பெயரால் ஒரு நிறத்தை விற்கிறது. பெரிய கடிகார நிறுவனங்களும் வயதாகாத டயலில் வயதின் நிறத்தைத் தீட்டிப் புத்தம் புதிதாக விற்கின்றன, அதை யாரும் போலி என்பதில்லை, ஏனெனில் அவை என்ன என்பதை வெளிப்படையாகச் சொல்லி விற்கின்றன. தன் கைக்கெனக் கடிகாரம் கோப்பவர் அதே நிறமுள்ள டயலைப் பொருத்தும்போது மட்டும் அது குற்றமாவது எவ்வாறு என்பதற்கு எதிர்த்தரப்பிடம் விடையில்லை.

தனித்துக் கோத்த கடிகாரம் என்பதைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. கூடு, இயந்திரம், முட்கள், கண்ணாடி, சுழல்வளையம் ஆகியவற்றைத் தனித்தனியே தேர்ந்து ஒருவர் தமக்கென ஒரு டைவ் வாட்சை அமைத்துக்கொள்வதே இவ்வழக்கம். இதைக் கடையில் வாங்கியவற்றை ஒட்டிவைக்கும் விளையாட்டு என்று எளிதில் தள்ளிவிடுகின்றனர். உண்மையில் ஒரு பழைய டயலைப் புதிய இயந்திரத்தின்மேல் அமர்த்துவது கடிகார வேலையின் பல நுட்பங்களை ஒருசேரக் கேட்கும் செயல். கால்கள் அமையும் இடம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறுபடும். 1960களின் ஒரு சுவிஸ் இயந்திரத்துக்கெனச் செய்த டயல், இன்று பெருவழக்காக உள்ள 25.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈடிஏ 2824-2 மீதோ, சைகோ குழுமத்தின் 27.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள என்எச்35 மீதோ அப்படியே இறங்காது. கால்களை நீக்கி வேறிடத்தில் புதிய கால்களைப் பற்றவைக்கலாம், ஆனால் சூடு ஒரு கணம் மிகுந்தாலும் முன்பக்கத்து வண்ணம் கொப்புளித்துவிடும். கால்களை வெட்டிவிட்டு மெல்லிய ஒட்டுவில்லைகளால் அமர்த்தலாம், ஆனால் வெட்டிய காலைத் திரும்பப் பெற முடியாது, அதிர்ச்சி பட்டால் டயல் நகரவும் கூடும். சைகோவின் டைவ் வாட்சுகள் பலவற்றில் சாவி நான்கு மணிக்கு எதிரே இருப்பதால், அவற்றுக்கென விற்கப்படும் டயல்களில் மூன்று மணி நிலைக்கு ஒரு சோடியும் நான்கு மணி நிலைக்கு ஒரு சோடியுமாக நான்கு கால்கள் வைக்கப்படுவதும், வேண்டாத சோடியைக் கோப்பவரே நறுக்கிவிடுவதும் உண்டு.

கால்களோடு வேலை முடிவதில்லை. தேதிச் சாளரம் உள்ள டயல் என்றால், அடியில் சுழலும் தேதி வளையத்தின் எண் சரியாகச் சாளரத்தின் நடுவில் வர வேண்டும். சாளரமற்ற பழைய டயலைத் தேதி இயந்திரத்தின்மேல் வைத்தால், சாவியை இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு தேதியைத் திருத்தும் வெற்று நிலை எஞ்சும். முட்கள் அமரும் தண்டின் உயரம் டயலின் தடிமனுக்கு ஏற்றதாக இல்லையெனில் மணி முள் டயலை உரசும், அல்லது வினாடி முள் கண்ணாடியில் இடிக்கும். ஈடிஏ தன் 2824-2 இயந்திரத்தையே பல தண்டு உயரங்களில் வழங்கியது இதற்காகத்தான். ஈடிஏவின் வினாடி முள்துளை 0.25 மில்லிமீட்டரும் என்எச்35இன் துளை 0.20 மில்லிமீட்டருமாக இருப்பதால், மணி முள்ளும் நிமிட முள்ளும் இரண்டுக்கும் பொருந்தினும் வினாடி முள் மட்டும் பொருந்தாமல் போகும். டைவ் வாட்ச் என்பதால் மேலும் ஒரு கடமை சேர்கிறது: டயலை மாற்றக் கூட்டைத் திறந்தபின் ரப்பர் வளையங்களைப் புதுப்பித்து, அழுத்தச் சோதனை செய்யாமல் அதை நீரில் இறக்கக் கூடாது, உள்ளே புகும் ஈரத்துக்கு முதலில் இரையாவது அரும்பாடுபட்டுத் தேடிய அந்தப் பழைய டயலே. இத்தனையும் கடந்து நேரம் காட்டும் ஒரு கடிகாரத்தைப் போலி என்னும் ஒரே சொல்லால் ஒதுக்குவது அறிவுக்கும் கைத்திறனுக்கும் இழைக்கும் அநீதி.

கோத்து அமைத்தல் தொழிற்சாலை மரபுக்கே புறம்பானது என்பாரும் உளர். அவர்கள் டாடர்ஸ்தானில் சிஸ்டோபோல் நகரிலுள்ள வொஸ்டோக் ஆலையின் வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். மிகயில் நோவிகோவும் வேரா பெலோவாவும் வடிவமைத்து 1967இல் வெளிவந்த, 200 மீட்டர் ஆழம் தாங்கும் ஆம்ஃபிபியா என்னும் டைவ் வாட்சுக்கு அந்த ஆலை பெயரிடும் முறையே கூட்டின் எண்ணையும் டயலின் எண்ணையும் அடுத்தடுத்து எழுதுவதுதான். முக்குளிப்பவரின் உருவம் வரைந்த 059 எண் டயல் 420 எண் கூட்டிலும் வரும், 710 எண் கூட்டிலும் வரும். முன்னது 420059, பின்னது 710059. எந்த டயலும் எந்தக் கூட்டுக்கும் பிறவியிலேயே உரியது என்னும் எண்ணம் அங்கே தோன்றவே இடமில்லை.

இனி எதிர்த்தரப்பின் மிக வலிய வாதம்: கோப்பவர் நேர்மையானவராக இருக்கலாம், ஆனால் அந்தக் கடிகாரம் கைமாறும்போது அடுத்தவர் அதை அசல் என்று விற்றுவிடுவார், ஆதலால் செயலையே தடுப்பது நல்லது. இந்த வாதத்துக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் தெளிவான விடை தந்துள்ளன. கொலராடோ மாநிலத்தின் வோர்டிக் நிறுவனம், நூற்றாண்டுப் பழமையுள்ள அமெரிக்கப் பாக்கெட் கடிகாரங்களின் இயந்திரம், டயல், முட்கள் ஆகியவற்றைச் சீர்செய்து, தான் புதிதாகச் செய்த கூடுகளில் பொருத்திக் கைக்கடிகாரங்களாக விற்றது. டயலில் ஹாமில்டன் என்னும் பழைய பெயர் அப்படியே இருந்ததால் ஹாமில்டன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2020இல் விசாரணை நீதிமன்றமும் 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வோர்டிக்கின் பக்கமே தீர்ப்பளித்தன. பழைய பாகங்கள் எவை, புதியவை எவை, கோத்தவர் யார் என்பன விளம்பரத்திலும் கடிகாரத்திலும் முழுமையாக வெளிப்படுத்தப்பட்டிருந்தது அத்தீர்ப்பின் அடிப்படை. இதன் வேர் 1947ஆம் ஆண்டின் சாம்பியன் தீப்பொறிச் செருகி வழக்கில் உள்ளது: பழுதுபார்த்து விற்கும் பொருளில் அது பழுதுபார்க்கப்பட்டது என்று தெளிவாக எழுதியிருந்தால் மூல நிறுவனத்தின் பெயர் அதில் நிற்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்று கூறியது. இதற்கு மறுபக்கமும் உண்டு. மாற்றம் செய்யப்பட்ட டயல்களையும் வெளியார் செய்த சுழல்வளையங்களையும் கொண்ட கடிகாரங்களை ரோலக்ஸ் பெயருடன் விற்ற பெக்கர்டைம் என்னும் டெக்சாஸ் நிறுவனத்தின்மீது, வணிகச்சின்ன உரிமையை மீறியது என்ற முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் உறுதிசெய்தது. இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே விழுகிறது என்பது புலனாகும்: பழைய டயலைப் பொருத்துவது குற்றமாகவில்லை, பெயரின் பின்னால் நிற்பது யார் என்பதை வாங்குபவர் அறிய முடியாமல் செய்வதே குற்றமாயிற்று.

இந்தியாவுக்கு இவ்விவாதத்தில் வருந்தத்தக்க ஓர் இடம் உண்டு. பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கி 2016இல் மூடப்பட்ட எச்எம்டியின் கடிகாரங்களும், இங்கே பல தலைமுறையாக விற்ற ஃபாவ்ரே-லூபா கடிகாரங்களும், செய்தவர் ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் டயல் தீட்டப்பட்டு, பழைய அசல் என்ற பெயரில் வெளிநாட்டவருக்கு விற்கப்படுகின்றன. மும்பையின் பெயரே அத்தகைய கடிகாரத்துக்கு வசைச்சொல்லாகிவிட்டது. அந்தக் கண்டனத்தில் பாதி நியாயமானது. இல்லாத ஒரு மாதிரியை இருந்ததாகக் காட்டுவதும், 30 மீட்டர்கூடத் தாங்காத கூட்டின் டயலில் 200 மீட்டர் என்று அச்சிடுவதும் பொய். பின்னது நீரில் இறங்குபவரின் உயிரோடு தொடர்புள்ள பொய். ஆனால் துருப்பிடித்த டயலைத் துடைத்துப் புதிதாகத் தீட்டி, அப்பாவின் கடிகாரத்தை மகனின் கையில் மீண்டும் ஓடச்செய்யும் அதே ஊர்க் கடைக்காரரையும் அந்தச் சொல் சேர்த்து அடிக்கிறது. ஒரே தூரிகையால் இருவரையும் கறுப்பாக்குவது, ஏமாற்றுபவனுக்குத் தண்டனையாவதற்குப் பதில் உழைப்பவருக்கு இழிவாகிறது.

பொருத்துவோர் தரப்பிலும் கண்டிக்கத்தக்க ஒரு வழக்கம் உள்ளது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் முழுமையான பழைய கடிகாரத்தை, அதன் டயலுக்காக மட்டும் உரித்து, எஞ்சியதை உதிரியாக விற்பது தீங்கு. அதற்கு எந்த நியாயமும் இல்லை. அங்கே அழிவது டயலின் மெய்ம்மையைவிடப் பெரியது, வேலைசெய்யும் ஒரு கருவி. கிடங்குகளில் விற்பனையாகாமல் தங்கிய பழைய டயல்களும், கூடு அரித்துப்போன கடிகாரங்களிலிருந்து மிஞ்சிய டயல்களும், பெயர் அச்சிடாமல் பழைய பாங்கில் இன்று செய்யப்படும் டயல்களும் கிடைக்கும்போது, உயிருள்ளதைக் கொல்வதற்குத் தேவையே எழுவதில்லை. மூல டயலைப் போற்றும் தரப்பு தன் வலிமையை எல்லாம் இந்த ஒன்றைத் தடுப்பதில் செலவிட்டிருந்தால், அதனோடு உடன்படாதார் யாரும் இருக்க மாட்டார்கள்.

சேகரிப்பாளர் சங்கங்களும் ஏல நிறுவனங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மாற்று டயல் என்ற குறிப்பைக் குறைபாடுகளின் பட்டியலிலிருந்து எடுத்து, எந்த ஆண்டு, எங்கிருந்து, யாரால், எந்தப் பூச்சோடு பொருத்தப்பட்டது என்னும் விவரங்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும். கடிகாரம் கோப்பவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பின்மூடியின் உட்புறத்தில் டயலின் மூலத்தையும் பொருத்திய ஆண்டையும் சர்வீஸ் குறியாகக் கீறிவைக்கட்டும், டயல் காலை வெட்டியிருந்தால் அதையும் எழுதட்டும், அந்தக் குறிப்பு இல்லாமல் கடிகாரத்தை யாருக்கும் கைமாற்றாதிருக்கட்டும்.